விப்ரியோ காலரேயின் கசையிழை

விப்ரியோ காலரேயின் கசையிழை என்பது, காலரா எனப்படும் வாந்திபேதி நோயை உண்டாக்கும் விப்ரியோ காலரே என்னும் பாக்டீரியாவின் ஒரு முனையில் அமைந்துள்ள, சுழலும் தன்மை கொண்ட நீண்ட இழை உறுப்பு ஆகும். பாக்டீரியா நீரில் நீந்துவதற்கும், மனிதக் குடலின் சளிப்படலத்தைக் கடந்து குடற்சுவரை அடைவதற்கும் இவ்வுறுப்பு பயன்படுகிறது. ஏறத்தாழ ஐம்பது மரபணுக்கள் இதன் ஆக்கத்திலும் கட்டுப்பாட்டிலும் பங்கு கொள்கின்றன. இம்மரபணுக்கள் உருவாக்கும் புரதங்களுள், உயிரணுவின் மென்சவ்வுகளில் பதிந்திருக்கும் மென்சவ்வுப் புரதங்களே கசையிழை எழும்பும் அடித்தளமாகவும், உதிரிப் பொருட்களை வெளியே அனுப்பும் வாயிலாகவும், இழையைச் சுழற்றும் மோட்டாராகவும் செயல்படுகின்றன.

பல பாக்டீரியாக்களில் கசையிழை வெறுமையாக நீருக்குள் நீண்டிருக்கும். விப்ரியோ காலரேயில் அவ்வாறன்றி, உயிரணுவின் புறச்சவ்வே ஓர் உறை போல் நீண்டு இழையை முழுவதும் மூடியுள்ளது. எனவே நோயெதிர்ப்புத் தொகுதி முதலில் எதிர்கொள்வது கசையிழைப் புரதத்தை அன்று. அதன் மேலுள்ள உறையையே ஆகும். 1992 ஆம் ஆண்டில் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஓ139 என்னும் புதிய வகையைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு உதவுகிறது.

பொருளடக்கம்
1 வரலாறு
2 அமைப்பு
3 கட்டப்படும் முறை
4 மோட்டார்
5 திசையறிதல்
6 நோயில் கசையிழையின் பங்கு
7 சென்னையும் ஓ139 வகையும்
8 தடுப்பூசிகள்
9 இவற்றையும் பார்க்க

வரலாறு

விப்ரியோ காலரேயை இத்தாலிய மருத்துவர் பிலிப்போ பாச்சினி 1854 ஆம் ஆண்டில் புளோரன்சு நகரில் நுண்நோக்கி வழியே கண்டு விவரித்தார். அவரது கண்டுபிடிப்பு அக்காலத்தில் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. செருமானிய அறிவியலாளர் ராபர்ட் காக் 1883 ஆம் ஆண்டில் எகிப்திலும், அதைத் தொடர்ந்து கொல்கத்தாவிலும் ஆய்வு செய்து, காற்புள்ளி போல் வளைந்த இந்நுண்ணுயிரியைத் தனியே பிரித்து வளர்த்தார். இது குடலில் வெளியிடும் நச்சுப்பொருளே நீர்ப்போக்கிற்குக் காரணம் என்பதைக் கொல்கத்தாவைச் சேர்ந்த சம்பு நாத் டே 1959 ஆம் ஆண்டில் நிறுவினார்.

பாக்டீரியாவின் கசையிழை சாட்டை போல் வளைந்து அடிக்கிறது என்றே நெடுங்காலம் பலர் கருதி வந்தனர். அது உண்மையில் ஒரு சுழலச்சைப் போல் சுழல்கிறது என்று 1973 ஆம் ஆண்டில் ஓவர்டு பெர்க், ராபர்ட் ஆண்டர்சன் ஆகியோர் வாதிட்டனர். அடுத்த ஆண்டில் மைக்கேல் சில்வர்மன், மெல்வின் சைமன் ஆகியோர் இதைச் சோதனை மூலம் காட்டினர். அவர்கள் எசரிக்கியா கோலை பாக்டீரியாவின் கசையிழையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்ட வைத்தனர். இழை நகர முடியாமல் போகவே, உயிரணுவின் உடல் முழுவதும் சுழன்றது.

விப்ரியோ காலரேயின் முழு மரபணுத்தொகுதி 2000 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இதில் இரண்டு நிறப்புரிகள் உள்ளன. கசையிழையின் நுண்ணமைப்பைப் பற்றி இன்று அறியப்படுவனவற்றுள் பல, சால்மோனெல்லாவிலும், விப்ரியோ காலரேயின் நெருங்கிய உறவினமாகிய விப்ரியோ ஆல்சினோலிட்டிக்கசு என்னும் கடல்வாழ் பாக்டீரியாவிலும் நிகழ்ந்த ஆய்வுகளால் கிடைத்தவை ஆகும்.

அமைப்பு

விப்ரியோ காலரே ஒரு கிராம்-எதிர் பாக்டீரியா. இதற்கு உட்சவ்வு, புறச்சவ்வு என இரண்டு மென்சவ்வுகள் உள்ளன. இவற்றிற்கு இடைப்பட்ட வெளியில் பெப்டிடோகிளைக்கன் என்னும் மெல்லிய சுவர் அமைந்துள்ளது. கசையிழை இம்மூன்று அடுக்குகளையும் ஊடுருவி வெளிவர வேண்டும். அதன் பகுதிகள் உள்ளிருந்து வெளியாகப் பின்வருமாறு அமைந்துள்ளன.

* சி வளையம்: உட்சவ்வின் உட்புறம், உயிரணுக் கணிமத்தை நோக்கி அமைந்தது. ஃபிளி-ஜி, ஃபிளி-எம், ஃபிளி-என் என்னும் புரதங்களால் ஆனது. சுழலும் திசையை மாற்றும் பகுதி இதுவே.
* எம்எசு வளையம்: உட்சவ்வில் பதிந்தது. ஃபிளி-எஃப் என்னும் மென்சவ்வுப் புரதத்தின் பல படிகள் வட்டமாக இணைந்து உருவாவது.
* ஏற்றுமதி வாயில்: எம்எசு வளையத்தின் நடுவில் உள்ளது. ஃபிளி-பி, ஃபிளி-கியூ, ஃபிளி-ஆர், ஃபிளெச்-ஏ, ஃபிளெச்-பி என்னும் ஐந்து மென்சவ்வுப் புரதங்களால் ஆனது.
* நிலையகம்: வளையத்தைச் சுற்றி உட்சவ்வில் பதிந்துள்ள பொம்-ஏ, பொம்-பி புரதத் தொகுதிகள்.
* தண்டு: இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட வெளியைக் கடக்கும் அச்சு.
* பி வளையம், எல் வளையம்: முறையே பெப்டிடோகிளைக்கன் சுவரிலும் புறச்சவ்விலும் அமைந்து, தண்டு உராய்வின்றிச் சுழல உதவும் தாங்கிகள்.
* டி வளையம், எச் வளையம்: விப்ரியோ இனங்களில் காணப்படும் கூடுதல் வளையங்கள். டி வளையம் மாட்-எக்சு, மாட்-ஒய் என்னும் புரதங்களால் ஆனது.
* கொக்கி: தண்டையும் இழையையும் இணைக்கும், வளையும் தன்மை கொண்ட பகுதி.
* இழை: பிளாசெல்லின் என்னும் புரதத்தின் ஆயிரக்கணக்கான படிகள் சுருளாக அடுக்கப்பட்டு உருவாவது. விப்ரியோ காலரேயில் ஃபிளா-ஏ முதல் ஃபிளா-இ வரை ஐந்து வகைப் பிளாசெல்லின்கள் உள்ளன. இவற்றுள் ஃபிளா-ஏ இல்லாவிடில் இழை உருவாவதில்லை.
* உறை: இழையை மூடியுள்ள புறச்சவ்வின் நீட்சி.

உறையின் வெளிப்பரப்பில், உயிரணுவின் உடற்பரப்பில் இருப்பது போலவே, லிப்போபாலிசாக்கரைடு என்னும் மூலக்கூறுகள் நிறைந்துள்ளன. இவற்றின் வெளிமுனையில் நீண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலி 'ஓ' எதிர்ப்பொருளாக்கி எனப்படுகிறது. இச்சங்கிலியின் வேறுபாட்டைக் கொண்டே விப்ரியோ காலரே இருநூறுக்கும் மேற்பட்ட சீரவகைகளாகப் பிரிக்கப்படுகிறது. அவற்றுள் ஓ1, ஓ139 ஆகிய இரண்டு மட்டுமே வாந்திபேதியைப் பெருங்கொள்ளைநோயாகப் பரப்பியுள்ளன.

கட்டப்படும் முறை

இடமும் எண்ணிக்கையும்

எசரிக்கியா கோலையின் உடலைச் சுற்றிப் பல கசையிழைகள் உள்ளன. விப்ரியோ காலரேயில் ஒரே ஒரு கசையிழை, அதுவும் ஒரு முனையில் மட்டுமே உள்ளது. இதை உறுதி செய்யும் புரதங்கள் முதன்மையாக மூன்று. ஹப்-பி என்னும் மென்சவ்வுப் புரதம் உயிரணுவின் முனையில் நிலைகொண்டு, பிற புரதங்கள் வந்து சேரும் தளமாகிறது. சவ்வை ஒட்டிச் செயல்படும் ஃபிளெச்-எஃப் முனையில் கூடி, எம்எசு வளையம் அங்கே உருவாகத் தூண்டுகிறது. ஃபிளெச்-ஜி இதற்கு எதிராகச் செயல்பட்டு எண்ணிக்கையை ஒன்றாகக் கட்டுப்படுத்துகிறது. ஃபிளெச்-ஜி நீக்கப்பட்ட பாக்டீரியாக்களில் ஒரே முனையில் பல கசையிழைகள் முளைக்கின்றன. ஃபிளெச்-எஃப் நீக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவற்றில் கசையிழை உருவாவதில்லை.

அடித்தளமும் வாயிலும்

பிற மென்சவ்வுப் புரதங்களைப் போலவே ஃபிளி-எஃப் புரதமும் ரைபோசோமில் உருவாகும் பொழுதே உட்சவ்விற்குள் செலுத்தப்படுகிறது. ஒவ்வொரு ஃபிளி-எஃப் மூலக்கூறும் சவ்வை இருமுறை ஊடுருவி நிற்கிறது. சால்மோனெல்லாவில் இத்தகைய 34 படிகள் ஒன்றிணைந்து ஒரு வளையமாவது அறியப்பட்டுள்ளது. வாயிலின் மையப் பகுதியில் ஃபிளி-பி ஐந்து படிகளும், ஃபிளி-கியூ நான்கு படிகளும், ஃபிளி-ஆர் ஒரு படியும் இணைந்து ஒரு குறுகிய துளையை அமைக்கின்றன. ஃபிளெச்-ஏ புரதத்தின் ஒன்பது படிகள் அதன் கீழே ஒரு வளையமாக அமைந்து, வெளியே செல்ல வேண்டிய புரதங்களை வரவேற்கின்றன.

இத்துளை மிகக் குறுகியது. மடிந்த நிலையிலுள்ள புரதம் இதன் வழியே செல்ல இயலாது. எனவே ஒவ்வொரு புரத மூலக்கூறும் மடிப்பு அவிழ்ந்த நூல் போன்ற நிலையில் அனுப்பப்படுகிறது. இதற்கான ஆற்றலில் பெரும்பங்கு, சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் செறிவு வேறுபாட்டாலும் மின்னழுத்த வேறுபாட்டாலும் கிடைக்கிறது என்று சால்மோனெல்லாவில் செய்யப்பட்ட ஆய்வுகள் 2008 ஆம் ஆண்டில் காட்டின. ஏடிபி மூலக்கூறைச் சிதைக்கும் ஃபிளி-ஐ என்னும் நொதி இவ்வேலையை எளிதாக்குகிறது.

கொள்ளைநோய்ப் பிளேக்கை உண்டாக்கும் எர்சினியா போன்ற பாக்டீரியாக்கள் மனித உயிரணுக்களுக்குள் நச்சுப்புரதங்களைச் செலுத்தும் ஊசி போன்ற அமைப்பும் இதே வகை வாயிலைக் கொண்டுள்ளது. இரண்டும் படிவளர்ச்சியில் உறவுடையவை ஆகும்.

தண்டு, கொக்கி, இழை

வாயில் அமைந்த பின்னர், தண்டுப் புரதங்கள் அதன் வழியே சென்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அடுத்துக் கொக்கி வளர்கிறது. சால்மோனெல்லாவில் கொக்கியின் நீளம் ஏறத்தாழ 55 நானோமீட்டர். இந்நீளத்தை ஃபிளி-கே என்னும் புரதம் அளவுகோல் போல் அளக்கிறது. கொக்கி உரிய நீளத்தை எட்டியதும், ஃபிளி-கே வாயிலிலுள்ள ஃபிளெச்-பி என்னும் மென்சவ்வுப் புரதத்துடன் வினைபுரிகிறது. அதன் பின்னர் வாயில் கொக்கிப் புரதத்தை அனுப்புவதை நிறுத்திவிட்டுப் பிளாசெல்லினை அனுப்பத் தொடங்குகிறது.

இழை அடியிலிருந்து வளர்வதில்லை, நுனியிலேயே வளர்கிறது. ஒவ்வொரு பிளாசெல்லின் மூலக்கூறும் வாயில், தண்டு, கொக்கி, ஏற்கெனவே உருவான இழை ஆகியவற்றின் உள்ளே உள்ள துளை வழியே பயணம் செய்து நுனியை அடைகிறது. அங்கே மூடி போல் அமைந்துள்ள ஃபிளி-டி என்னும் புரதத்தின் அடியில் மடிந்து, தன் இடத்தில் பொருந்துகிறது.

வளரும் அமைப்பு புறச்சவ்வைக் கடப்பதில் எச் வளையம் உதவுகிறது. விப்ரியோ ஆல்சினோலிட்டிக்கசில் இவ்வளையம் குலைந்த போது, சில உயிரணுக்களில் கசையிழை வெளிவர இயலாமல் இரு சவ்வுகளுக்கும் இடையிலேயே வளர்ந்தது காணப்பட்டது.

மரபணுக் கட்டளை வரிசை

இழைக்கான புரதத்தை முதலிலேயே உருவாக்கினால், அதை வெளியேற்ற வாயில் இராது; உழைப்பு வீணாகும். ஆகவே விப்ரியோ காலரேயில் கசையிழை மரபணுக்கள் நான்கு படிநிலைகளில் இயக்கப்படுகின்றன.

# முதல் நிலையில் ஃபிளர்-ஏ என்னும் தலைமைக் கட்டுப்பாட்டுப் புரதம் உருவாகிறது.
# இரண்டாம் நிலையில் எம்எசு வளையம், ஏற்றுமதி வாயில், சி வளையம் ஆகியவற்றின் புரதங்களும், அடுத்த நிலைகளுக்கான கட்டுப்பாட்டுப் புரதங்களும் உருவாகின்றன.
# மூன்றாம் நிலையில் தண்டு, கொக்கி, ஃபிளா-ஏ ஆகியவை உருவாகின்றன.
# நான்காம் நிலையில் ஏனைய பிளாசெல்லின்களும் மோட்டார்ப் புரதங்களும் உருவாகின்றன.

நான்காம் நிலையை ஃபிளி-ஏ என்னும் புரதம் தொடங்கி வைக்கிறது. ஆனால் ஃபிளஜ்-எம் என்னும் மற்றொரு புரதம் அதைப் பிடித்து வைத்துள்ளது. கொக்கி முடிந்து வாயில் மாறியதும், ஃபிளஜ்-எம் அவ்வழியே உயிரணுவிலிருந்து வெளியேற்றப்படுகிறது. அதனால் ஃபிளி-ஏ விடுபட்டுத் தன் வேலையைத் தொடங்குகிறது. அடித்தளம் உண்மையில் கட்டி முடிக்கப்பட்டதா என்பதை உயிரணு அறிந்துகொள்ளும் வழி இதுவே.

மோட்டார்

கசையிழை மோட்டார் ஏடிபியால் இயங்குவதில்லை. எசரிக்கியா கோலையில் புரோட்டான்கள் உட்சவ்வைக் கடந்து உள்ளே பாய்வதால் அது சுழல்கிறது. விப்ரியோ காலரேயில் சோடியம் அயனிகளின் பாய்ச்சல் அதைச் சுழற்றுகிறது. சோடியம் அயனிகளை வெளியேற்றி, இப்பாய்ச்சலுக்கான வேறுபாட்டை உண்டாக்குவதும் உட்சவ்விலுள்ள மென்சவ்வுப் புரதத் தொகுதிகளே ஆகும்.

இவ்வியல்பு இப்பாக்டீரியாவின் வாழிடத்திற்குப் பொருந்துகிறது. விப்ரியோ காலரே இயற்கையில் ஆறும் கடலும் கலக்கும் உவர்நீர்ப் பகுதிகளில், மிதவைவாழ் சிற்றுயிர்களின் மேலோடுகளில் ஒட்டி வாழ்கிறது. சென்னையில் திருவான்மியூருக்கு வடக்கே அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம் இத்தகைய உவர்நீர்ச் சூழலுக்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும். உப்பு கலந்த நீரில் சோடியம் அயனிகளுக்குக் குறைவில்லை.

நிலையகத்தின் ஒவ்வொரு தொகுதியிலும் பொம்-ஏ ஐந்து படிகளும் பொம்-பி இரண்டு படிகளும் உள்ளன. பொம்-பி புரதத்தின் ஒரு முனை பெப்டிடோகிளைக்கன் சுவரைப் பற்றிக்கொள்கிறது. டி வளையம் அதற்குப் பிடிமானம் அளிக்கிறது. சோடியம் அயனி ஒன்று உள்ளே நுழையும் பொழுது, ஐந்து பொம்-ஏ கொண்ட வளையம் பொம்-பி என்னும் அச்சைச் சுற்றிச் சிறிது திரும்புகிறது என்பது 2020 ஆம் ஆண்டு முதல் வெளிவந்த மூலக்கூற்றுப் படங்களை அடிப்படையாகக் கொண்ட விளக்கம். சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைத் தள்ளுவது போல், இது சி வளையத்தைத் திருப்புகிறது.

சோடியத்தால் இயங்கும் மோட்டார்கள் மிக விரைவானவை. விப்ரியோ ஆல்சினோலிட்டிக்கசின் மோட்டார் நொடிக்கு 1,700 சுற்றுகள் வரை சுழல்வது 1994 ஆம் ஆண்டில் அளவிடப்பட்டது. எசரிக்கியா கோலையின் மோட்டார் நொடிக்கு ஏறத்தாழ 300 சுற்றுகளே சுழல்கிறது.

திசையறிதல்

இழை இடஞ்சுழியாகச் சுழன்றால் உயிரணு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. வலஞ்சுழியாகச் சுழன்றால் பின்னோக்கி இழுக்கப்படுகிறது. பின்னோக்கிய நிலையிலிருந்து மீண்டும் முன்னோக்கிச் செல்லத் தொடங்கும் கணத்தில், வளையும் தன்மை கொண்ட கொக்கி மடங்கி, உயிரணுவைப் பக்கவாட்டில் திருப்புகிறது. விப்ரியோ இனங்கள் தம் பாதையை மாற்றிக்கொள்வது இவ்வாறே.

எத்திசையில் செல்வது என்பதை முடிவு செய்ய, உட்சவ்வில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகை வேதி உணர்விப் புரதங்கள் உள்ளன. இவை வெளியிலுள்ள அமினோ அமிலங்கள் போன்ற பொருட்களின் செறிவை உணர்கின்றன. இச்செய்தி செ-ஒய்3 என்னும் சிறு புரதத்தால் சி வளையத்திலுள்ள ஃபிளி-எம் புரதத்திற்குக் கொண்டு செல்லப்படுகிறது. அதற்கேற்பச் சுழலும் திசை மாறுகிறது.

நோயில் கசையிழையின் பங்கு

மாசடைந்த நீர் அல்லது உணவு வழியே உட்செல்லும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இரைப்பை அமிலத்தில் இறக்கின்றன. எஞ்சியவை சிறுகுடலை அடைந்து, அதன் சுவரைப் போர்த்தியுள்ள சளிப்படலத்தை எதிர்கொள்கின்றன. குடல் இடைவிடாது தன் உள்ளடக்கத்தை முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருப்பதால், நீந்த இயலாத பாக்டீரியா அடித்துச் செல்லப்படக்கூடும். கசையிழை உள்ளவை சளியைக் கடந்து சுவரை நெருங்குகின்றன. அங்கே வேறொரு வகை நுண்ணிழைகளால் தம்முள் பிணைந்து, கூட்டமாகப் பெருகி, நச்சை வெளியிடுகின்றன. நச்சு குடல் உயிரணுக்களிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேறச் செய்கிறது.

சளிக்குள் நுழையும் பொழுது கசையிழை முறிந்துவிடக்கூடும் என்று 2008 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இழை முறிந்ததும் ஃபிளஜ்-எம் மிகுதியாக வெளியேறி, ஃபிளி-ஏ செயல்திறன் உயர்கிறது. அதன் தொடர்ச்சியாக நோயுண்டாக்கும் மரபணுக்கள் விழிப்படைகின்றன. கசையிழையின் கட்டுமானத்தைக் கண்காணிக்கும் அதே ஏற்பாடு, பாக்டீரியா தன் இலக்கை அடைந்துவிட்டது என்ற செய்தியையும் தருகிறது.

வாந்திபேதிக்கு மருத்துவம் செய்யாவிடில் கடும் நோயாளிகளில் பாதிப்பேர் வரை இறக்கக்கூடும். வாய்வழி நீரேற்றக் கரைசலும், தேவைப்படுவோருக்குச் சிரைவழி நீர்மமும் உரிய நேரத்தில் கிடைத்தால் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழாகக் குறைகிறது.

சென்னையும் ஓ139 வகையும்

1961 ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் தொடங்கிய ஏழாம் உலகக் கொள்ளைநோய்க்குக் காரணம் ஓ1 சீரவகையைச் சேர்ந்த எல் டோர் வகை ஆகும். ஓ1 அல்லாத வகைகள் தனித்தனி நோயாளிகளைப் பாதிக்கலாம், கொள்ளைநோயாகப் பரவமாட்டா என்பதே 1992 வரை பொதுவான கருத்தாக இருந்தது. மருத்துவ ஆய்வகங்களும் ஓ1 எதிர்ச்சீரத்துடன் பாக்டீரியா திரள்கிறதா என்று பார்த்தே வாந்திபேதியை உறுதி செய்தன.

1992 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னையில் வாந்திபேதி பரவியது. நோயாளிகளிடமிருந்து பெறப்பட்ட விப்ரியோ காலரே, ஓ1 எதிர்ச்சீரத்துடன் திரளவில்லை. அதுவரை அறியப்பட்டிருந்த 138 சீரவகைகளுக்கான எதிர்ச்சீரங்களில் எதனுடனும் அது பொருந்தவில்லை. எனவே அது 139 ஆவது சீரவகையாக ஓ139 எனப் பெயர் பெற்றது. மதுரை, வேலூர் ஆகிய இடங்களிலும், அடுத்த சில மாதங்களில் கொல்கத்தாவிலும் வங்காளதேசத்திலும் இவ்வகை பரவியது. வங்காள விரிகுடாக் கரையோரமாகப் பரவியதால் இதற்கு 'வங்காள வகை' என்ற பெயரும் ஏற்பட்டது. கொல்கத்தாவிலுள்ள தேசிய வாந்திபேதி மற்றும் குடல்நோய் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டி. ராமமூர்த்தி முதலானோர் இது பற்றி 1993 ஆம் ஆண்டில் லான்செட் இதழில் எழுதினர்.

வாந்திபேதி நிலையாக உள்ள பகுதிகளில் பெரும்பாலும் குழந்தைகளே நோயுறுவர். பெரியவர்கள் முன்னரே ஓ1 வகையால் தாக்கப்பட்டு எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பர். ஓ139 பரவிய போதோ பெரியவர்களே மிகுதியாக நோயுற்றனர். பழைய எதிர்ப்பாற்றல் பயன்படவில்லை என்பதை இது காட்டியது. எட்டாம் உலகக் கொள்ளைநோய் தொடங்கிவிட்டதோ என்ற அச்சமும் எழுந்தது.

பின்னர் நிகழ்ந்த மரபணு ஆய்வுகள், ஓ139 முற்றிலும் புதிய நுண்ணுயிரி அன்று என்பதைக் காட்டின. அது ஓ1 எல் டோர் வகையிலிருந்தே தோன்றியது. 'ஓ' சர்க்கரைச் சங்கிலியை உருவாக்கும் மரபணுப் பகுதி மட்டும் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் வேறொரு பகுதி புகுந்திருந்தது. நச்சு, குடலில் பிணைக்கும் நுண்ணிழைகள், சோடியத்தால் சுழலும் கசையிழை மோட்டார் ஆகியவை அவ்வாறே இருந்தன. மாறியது மேற்போர்வையே. கூடுதலாக ஒரு சர்க்கரைப் பொதியுறையும் அதற்கு வாய்த்திருந்தது.

போர்வை மாறுவது ஏன் இவ்வளவு முதன்மையானது என்பதற்கான ஒரு விடையைக் கசையிழை உறை தருகிறது. நோயிலிருந்து மீண்டவர்களின் உடலில் உருவாகும் பிறபொருளெதிரிகளில் முதன்மையானவை 'ஓ' சர்க்கரைச் சங்கிலியைப் பற்றுபவை. உறை முழுவதும் இச்சங்கிலிகள் உள்ளதால், இவை பாக்டீரியாக்களை ஒன்றோடொன்று பிணைப்பதுடன் கசையிழையையும் பற்றி, நீந்துவதைத் தடுக்கின்றன. நோயாளிகளின் பிறபொருளெதிரிகளைக் கொண்டு செய்யப்பட்டு 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இத்தடை பாதுகாப்புடன் தொடர்புடையது எனக் காட்டியது. ஓ1 சங்கிலியைப் பற்றும் பிறபொருளெதிரிகள் ஓ139 சங்கிலியை அடையாளம் காண்பதில்லை. ஆகவே அதே மோட்டார், புதிய உறைக்குள் தடையின்றிச் சுழல முடிந்தது.

சென்னையில் 1992 ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்ட எம்ஓ10 என்னும் பாக்டீரியா உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்பட்டது. பல நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு எதிர்ப்பை அளிக்கும் எசுஎக்சுடி என்னும் இடம்பெயரும் மரபணுக்கூறு 1996 ஆம் ஆண்டில் இதிலிருந்தே விவரிக்கப்பட்டது.

எட்டாம் உலகக் கொள்ளைநோய் ஏற்படவில்லை. 1994 ஆம் ஆண்டளவில் ஓ1 எல் டோர் வகை மீண்டும் மேலோங்கியது. ஓ139 ஆசியாவிற்கு வெளியே நிலையாகப் பரவவில்லை. இப்பொழுது அது அரிதாகவே காணப்படுகிறது.

தடுப்பூசிகள்

ஓ139 தோன்றியதன் விளைவாக, வாய்வழித் தடுப்பு மருந்துகளில் கொல்லப்பட்ட ஓ1 பாக்டீரியாக்களுடன் ஓ139 பாக்டீரியாக்களும் சேர்க்கப்பட்டன. ஐதராபாத்திலுள்ள சாந்தா பயோடெக்னிக்சு நிறுவனத்தின் 'சான்கால்' இத்தகையது. இது 2009 ஆம் ஆண்டில் இந்தியாவில் உரிமம் பெற்றது. பின்னாளில் இதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஓ139 அரிதாகிவிட்டதால், 2024 ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு அமைப்பின் ஏற்பைப் பெற்ற 'யூவிகால்-எசு' மருந்தில் ஓ1 மட்டுமே இடம்பெற்றுள்ளது.

உயிருள்ள, வலுவிழக்கச் செய்யப்பட்ட பாக்டீரியாவைக் கொண்ட மருந்துகளை உருவாக்கும் முயற்சியிலும் கசையிழை கவனம் பெற்றது. நச்சு மரபணு நீக்கப்பட்ட முந்தைய வகைகள் சிலருக்கு இலேசான வயிற்றுப்போக்கை உண்டாக்கின. நீந்த இயலாத 'பெரு-15' என்னும் வகையில் இத்தொல்லை குறைந்தது. பிளாசெல்லின் புரதம் குடலில் அழற்சியைத் தூண்டுவது இதற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* வாந்திபேதி
* பாக்டீரியா
* மென்சவ்வுப் புரதம்
* பிறபொருளெதிரி
* வாய்வழி நீரேற்றக் கரைசல்
* சம்பு நாத் டே